இருதயக் கல்வியும் இயந்திரமும்

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்தரப் பாடசாலையில் பயின்றுவந்த பதினாறு வயது மாணாக்கர் ஒருவரை, உடம்பில் யாதொரு நோயுமில்லாத வேளையில், திடீரென்று மரண பயம் பற்றிக்கொண்டது. அவர் வைத்தியரை நாடவில்லை. பெரியோரிடம் ஓடி முறையிடவுமில்லை. தரையிலே நீட்டிப் படுத்து, அந்த அச்சத்தையே நேருக்கு நேர் நோக்கி, இறப்பது யாது, இறவாதிருப்பது யாது என்று தமக்குள் ஆராயலானார். சில வாரங்கள் சென்றன. இங்கிலீஷ் இலக்கணப் பாடமொன்றைப் படித்து வராத குற்றத்திற்காக அதை மும்முறை எழுதிவரும்படி பள்ளியில் தண்டனை விதித்தார்கள். அதே ஆகஸ்டு 29-ஆம் தேதி அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

இவ்வரலாற்றை நாம் ஈண்டு எடுத்துரைப்பது ஆன்மிக விசாரணைக்காக அன்று, கல்வி விசாரணைக்காகவேயாம். இலக்கணம் பிழைத்த மாணாக்கரைத் திருத்துவதற்கு அப்பள்ளியில் ஒரு வழி இருந்தது. ஆனால், உள்ளத்திலே புயல் வீசும் மாணாக்கரை அறிந்துகொள்வதற்கு ஒரு வழியுமில்லை. அன்று எந்தப் பள்ளியிலும் அது இல்லை. அந்த மாணாக்கர் தனியே நின்று தம் அச்சத்தை வென்றார். எல்லாப் பிள்ளைகளும் அங்ஙனம் வெல்லக்கூடியவர்களல்லர். வெல்ல மாட்டாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் செய்யக் கடவது யாது? இக்கேள்விக்கு இப்பொழுது ஒரு புதிய விடை சொல்லப்படுகிறது. இளைஞர்களுக்கு மனப் பக்குவத்தையும் சமூகப் பண்பையும் கணினி, கைப்பேசி, திரை, செயற்கை நுண்ணறிவு ஆகிய சாதனங்களைக் கொண்டு கற்பிக்கலாம் என்பதே அவ்விடை. அதை நம்மவர் ஆராயாமல் ஏற்பதும் தவறு. ஆராயாமல் தள்ளுவதும் தவறு.

முதலில் இந்தக் கல்வி இன்னதென்று தெளிவோம். அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒரு கல்விக் கூட்டமைப்பு இதனை ஐந்தாகப் பிரித்துரைக்கிறது. தன் உள்ளத்து உணர்ச்சியை இன்னதென்று அறிதல் ஒன்று. அதனை அடக்கியாளுதல் இரண்டு. பிறர் உள்ளத்தை உணர்தல் மூன்று. பிறரோடு இணங்கி வாழ்தல் நான்கு. பொறுப்புடன் முடிவு செய்தல் ஐந்து. உலக சுகாதார ஸ்தாபனமும் ஏறக்குறைய அதே காலத்தில் வாழ்க்கைத் திறன்கள் பத்து என்று வகுத்தது. பெயர்கள் புதியன, பொருள் புதியதன்று. அடக்கமுடைமை, பொறையுடைமை, கண்ணோட்டம் என்று நம் முன்னோர் அதிகாரம் அதிகாரமாக வகுத்துவைத்த பொருளே இது. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும், அறிவு, கை, இருதயம் ஆகிய மூன்றும் ஒருங்கே வளரவேண்டுமென்னும் அடிப்படையிலே எழுந்ததுதான்.

'இது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டு; ஏழை நாட்டுக்கு எழுத்தும் எண்ணும் போதும்' என்று சிலர் கூறுவர். அவர்கள் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பார்ப்பார்களாக. பட்டியலினத்தைச் சேர்ந்த ஒரு மாணவரை, உடன் பயின்ற மாணவர்களே ஜாதித் துவேஷத்தால் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். வெட்டியவர்கள் எழுத்தறியாதவர்களல்லர், கணக்கறியாதவர்களுமல்லர். அவர்களுக்கு நாம் கல்வி கொடுத்தோம். அக்கல்வி இருதயத்தைத் தொடவில்லை. அதன் பின்னர் சர்க்கார் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவினர் 2024 ஜூன் மாதத்தில் தமது அறிக்கையைச் சமர்ப்பித்தனர். ஜாதி அடையாளமாகக் கையிலே கட்டும் வர்ணக் கயிறுகளை விலக்க வேண்டுமென்றும், பள்ளிகளில் நல அலுவலர்களை நியமிக்க வேண்டுமென்றும் அவ்வறிக்கை கூறிற்று. கயிற்றை அறுப்பதற்கு ஓர் உத்தரவு போதும். கயிற்றைக் கட்டத் தூண்டும் மனத்தை மாற்றுவதற்கு எந்த உத்தரவு உண்டு?

திருவண்ணாமலையையே பார்ப்போம். 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து, அடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் மண்ணும் பாறையும் வீழ்ந்தன. உயிரிழந்தோர் 7 பேர். அவர்களுள் 5 பேர் சிறுவர் சிறுமியர். அடுத்த நாட்களில் பள்ளிக்கூடம் திறந்தபோது, இறந்த பிள்ளைகளோடு நேற்றுவரை தெருவில் விளையாடிய பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்களல்லவா? அவர்களிடம் உபாத்தியாயர் என்ன பேசுவது? வருகைப் பதிவேட்டிலே ஒரு பெயரைக் கடந்து அடுத்த பெயரை எவ்விதம் வாசிப்பது? கற்பிக்கும் முறைகளைப் பயிற்சிக் கல்லூரியில் கற்றுவந்த உபாத்தியாயருக்கு, துயரப்படும் குழந்தையின் பக்கத்தில் உட்காரும் முறையை யார் கற்பித்தார்கள்? ஆகவே இந்தக் கல்வி விளையாட்டன்று. அன்னத்தைப் போலவே அவசியமானது.

இனி, யந்திரத்தின் விஷயம். நம் தேசத்தில் யந்திரத்தைக் கொண்டு கல்வி புகட்டும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரையில், ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, ராஜஸ்தான் ஆகிய ஆறு ராஜ்யங்களிலே ஏறக்குறைய 2,400 கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து, வானத்திலிருந்த ஒரு செயற்கைக் கோளின் வழியே பாடங்களை அனுப்பினார்கள். அக்காலத்தில் உலகமே வியந்த பரீக்ஷை அது. ஆனால் அந்தக் கோள் அமெரிக்காவிடமிருந்து ஓராண்டுக்கு இரவல் வாங்கியது. ஆண்டு முடிந்ததும் உடையவர்கள் அதைத் தங்கள் காரியத்திற்காக அப்பால் நகர்த்திக்கொண்டார்கள். அப்பரீக்ஷையில் நம் விஞ்ஞானிகள் கற்றது மிகப் பெரிது. பிற்காலத்தில் நாமே கோள்களைச் செய்து ஏவுவதற்கு அது துணை செய்தது. எனினும் அந்தக் கிராமத்துச் சிறுவனுக்கு, பேசிய பெட்டி ஒருநாள் பேசாமற் போயிற்று. இரவல் யந்திரத்தை நம்பித் தொடங்கும் கல்வி, உடையவன் கேட்கும் நாளில் நின்றுபோகும் என்னும் பாடத்தை நாம் மறத்தலாகாது.

தமிழ்நாட்டின் சொந்த அனுபவமோ இன்னும் தெளிவானது. 2019 ஆகஸ்டு 26-ஆம் தேதி கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. ஏழு மாதம் செல்வதற்குள் கொள்ளைநோய் வந்தது, பள்ளிகள் மூடுண்டன. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் மீண்டும் வகுப்பறையைக் கண்டார்கள். இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களில் திரை பாடம் சொல்லிக்கொண்டேயிருந்தது. அந்தத் திரை இல்லாவிடில் பல பிள்ளைகள் பாடமென்பதையே மறந்திருப்பார்கள். அதற்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் அது போதுமாயிருந்ததா? போதுமாயிருந்தால், 2021 அக்டோபர் 27-ஆம் தேதி 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைச் சர்க்கார் தொடங்கியிருக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 2 லட்சம் தொண்டர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலேயே வாழும் பெண்மணிகள், மாலை தோறும் ஒன்றரை மணி நேரம் திண்ணையிலும் சாவடியிலும் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். பாடத்தைத் திரை கொடுத்தது. பாடத்தை வாங்கிக்கொள்ளும் மனத்தை, பெயர் சொல்லி அழைத்த ஒரு அக்காள் கொடுத்தாள். திரைக்குப் பின்னால் மனிதரை அனுப்ப வேண்டியதாயிற்று என்பதே அந்தப் பத்தொன்பது மாதங்கள் நமக்குக் கற்பித்த செய்தி.

எழுத்தும் எண்ணும் கற்பிப்பதற்கே மனிதர் வேண்டுமெனின், பொறுமையும் பரிவும் கற்பிப்பதற்கு மனிதர் வேண்டாமா?

இதற்கு ஆராய்ச்சியின் சாட்சியும் உண்டு. இவ்வகைக் கல்வியைப்பற்றி, பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த 213 திட்டங்களையும், அவற்றிற் பயின்ற சுமார் 2,70,000 மாணாக்கர்களையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த அறிக்கையொன்று 2011-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நூறு பேர் நிற்கும் வரிசையில் நடுவே நிற்கும் மாணாக்கன் படிப்பில் 11 இடம் முன்னேறியதற்கு ஒப்பான பலன் கண்டதாக அவ்வறிக்கை கூறுகிறது. இருதயத்தைக் கவனித்தால் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர்க்கு இது தக்க விடை. அதனினும் முக்கியமானது, வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைக்காமலே, வகுப்பு உபாத்தியாயர்கள் தாமே நடத்திய பயிற்சிகள் நற்பயன் தந்தன என்பது. ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமான யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும், தொழில்நுட்பம் உபாத்தியாயருக்குத் துணையாக நிற்க வேண்டுமேயன்றி, அவருடைய இடத்தில் நிற்கலாகாது என்றே எச்சரித்தது.

ஆயினும் யந்திரத்தை முற்றும் தள்ளிவிட வேண்டுமென்பது எமது கட்சியன்று. யந்திரத்தால் ஆகக்கூடிய காரியங்கள் சில உண்டு. நாணத்தால் வாய் திறவாத சிறுமி, தன் குரலைத் தனியே பதிவு செய்து கேட்டு, பேசப் பழகலாம். தன் ஜில்லாவைத் தாண்டியறியாத சிறுவன், மீனவர் குப்பத்துப் பிள்ளையையும் மலைவாழ் பிள்ளையையும் திரையிலே கண்டு, அவர்களும் தன்னைப் போலவே நகைக்கிறார்கள், அழுகிறார்கள் என்று உணரலாம். சண்டை மூளும் ஒரு காட்சியை நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன செய்யலாமென்று வகுப்பு முழுவதும் யோசிக்கலாம். நிஜ வாழ்க்கையில் அங்ஙனம் நிறுத்த முடியாது. இவையெல்லாம் மெய்யான நன்மைகள்.

எல்லாவற்றிலும் சிறந்த உதாரணம் மிகப் பழைய யந்திரமாகிய டெலிபோன். 1996-ஆம் ஆண்டு பம்பாயில் குழந்தைகளுக்கென்று 1098 என்னும் இலவச எண் ஏற்பட்டது. பின்னர் அது நாடெங்கும் பரவிற்று. 2022 அக்டோபரில் மனநலத்திற்கென்று 14416 என்னும் எண்ணை மத்திய சர்க்கார் ஏற்படுத்தினர். இவற்றின் பயன் யந்திரத்தில் இல்லை. மறுமுனையில் பொறுமையுடன் கேட்கும் ஒரு மனிதக் காதில் இருக்கிறது. இதுவே உரைகல். எந்தச் சாதனம் குழந்தையை இன்னொரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அது நன்று. எந்தச் சாதனம் குழந்தையை மனிதரிடமிருந்து பிரித்துத் தன்னிடமே வைத்துக்கொள்கிறதோ அது தீது.

அத்தீமை கற்பனையன்று. ரமணாசிரமத்திற்கு எதிரே செங்கம் சாலையில் மாலை வேளையில் நிற்பவர்கள் இதனைக் கண்ணாரக் காணலாம். பல தேசத்து மக்கள் நடமாடும் வீதி அது. பௌர்ணமி நாட்களில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனங்கள் எல்லா வகுப்பினரும் தோளோடு தோள் உராய்ந்து நடக்கிறார்கள். மனித குலத்தையே படித்துக்கொள்ளத்தக்க பாடசாலை அதைவிட வேறில்லை. அவ்வீதியிலே, தேநீர்க் கடை ஓரத்தில், மூன்று பிள்ளைகள் ஒரு கைப்பேசியின்மேல் குனிந்திருக்கிறார்கள். அதில் என்ன ஓடுகிறது? சில வேளை விளையாட்டு. சில வேளை, தன் ஜாதியே வீர ஜாதியென்று வாள் சுழற்றும் அரை நிமிஷப் படம். பள்ளிக்கூடம் திரையைக் கொண்டு நல்லுணர்ச்சி கற்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. வீதியோ அதே திரையைக் கொண்டு தீயுணர்ச்சியைக் கட்டணமின்றிக் கற்பித்து முடித்துவிடுகிறது. ஆஸ்திரேலியா தேசத்தார் இதை அஞ்சி, 2025 டிசம்பர் 10-ஆம் தேதி முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்தலாகாது என்று சட்டம் அமல் செய்தனர்.

இன்னொரு தீமை இதனினும் நுட்பமானது. உணர்ச்சியைக் கற்பிக்கும் யந்திரம், உணர்ச்சியை உளவு பார்க்கும் யந்திரமாக மாறுவது எளிது. சீன தேசத்து ஹாங்சௌ நகரத்துப் பள்ளியொன்றில், 2018-ஆம் ஆண்டில், வகுப்பறையிலே காமிராக்களை மாட்டி, ஒவ்வொரு மாணாக்கரின் முகத்தையும் அடிக்கடி ஆராய்ந்து, இவன் மகிழ்கிறான், இவன் சினக்கிறான், இவன் கவனமின்றி இருக்கிறான் என்று கணக்கெழுதச் செய்தார்கள். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2025 பிப்ரவரி 2 முதல், வைத்தியம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, பள்ளிகளிலும் தொழிலிடங்களிலும் யந்திரத்தைக் கொண்டு மனிதர் உணர்ச்சியை ஊகிப்பதைச் சட்டத்தால் தடுத்துவிட்டனர். நம் தேசத்திலும் 2023-ஆம் ஆண்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டுமென்றும், அவர்களுடைய நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணித்தல் கூடாதென்றும் அது விதிக்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளோ கல்வி ஸ்தாபனங்களுக்குச் சில விலக்குகள் அளிக்கின்றன. அந்த விலக்கு எதுவரை செல்லும் என்பதை விழித்திருந்து கவனிப்பது தேசத் தொண்டர்களின் கடமை. ஒரு சிறுமி அழுதாள் என்பது அவள் தாய்க்கும் உபாத்தியாயினிக்கும் தெரியவேண்டிய செய்தி. அது எங்கோ ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் சரக்காக ஏறலாகாது.

அப்படியாயின் இருதயக் கல்வி எங்ஙனம் நடைபெறும்? அது சொல்லால் மட்டும் நடைபெறாது என்பதற்கு நமது தேசிய இயக்கத்தின் வரலாற்றிலேயே கசப்பான சான்று இருக்கிறது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலம், தேசபக்தியைப் பயிற்றுவதற்கென்றே எழுந்தது. தேசத்தார் பொருள் கொடுத்தனர். ஆனால் 1924, 1925 ஆண்டுகளில், அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவிடப்பட்டதென்னும் செய்தி தமிழ்நாட்டையே குலுக்கிற்று. குருகுலத்தின் பாடம் எவ்வளவு உயர்ந்ததாயினுமென்ன? உணவுப் பந்தி வேறொரு பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பந்தியின் பாடத்தையே கற்பார்கள். இன்று சமத்துவத்தைப்பற்றி அழகிய படமொன்றைத் திரையிலே காட்டிவிட்டு, அதே பள்ளியில் தண்ணீர்க் குழாயடியிலும் சத்துணவுக் கூடத்திலும் பேதம் பாராட்ட இடங்கொடுத்தால், அந்தத் திரை பொய் சொல்லுகிறதென்பதைப் பத்து வயதுப் பிள்ளை உடனே கண்டுகொள்ளும்.

நல்ல உதாரணங்களும் நம்மிடையே இல்லாமலில்லை. டில்லி சர்க்கார் பள்ளிகளில் 2018 ஜூலை 2-ஆம் தேதி தலாய் லாமா அவர்கள் தொடங்கிவைத்த 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்', எட்டாம் வகுப்புவரையிலுள்ள பிள்ளைகளுக்குப் பரீக்ஷையும் மதிப்பெண்ணுமின்றி, அமைதியாக உட்காருதல், கதை கேட்டல், பேசுதல் ஆகியவற்றுக்கென்று தனிப் பாடவேளை ஒதுக்கிற்று. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் சர்க்கார் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' தோன்றிற்று. மாணாக்கர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒற்றுமையும் தலைமைப் பண்பும் வளரச் செய்யும் ஏற்பாடு அது. ஜாதியின் பெயரால் கூடிப் பழகிய பிள்ளைகளை, நிலத்தின் பெயரால் கூடச் செய்வது மெச்சத்தக்க யோசனை. அதற்கு விலையுயர்ந்த யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை.

திருவண்ணாமலைக்கு அருகிலேயே 2009 முதல் நடந்துவரும் மருதம் பண்ணைப் பள்ளி இன்னொரு சான்று. சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகளும், பிற ஊர்களிலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகளும் அங்கே ஒருங்கே, தமிழிலும் இங்கிலீஷிலும் பயில்கிறார்கள். மண்ணிலே வேலை செய்கிறார்கள். அப்பள்ளியோடு தொடர்புடையவர்கள் வறண்டு கிடந்த அருணாசல மலையிலே காட்டை மீண்டும் வளர்க்கும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறார்கள். பிள்ளைகளும் மரம் நடக் கூடுகிறார்கள். தான் நட்ட கன்று கோடையைத் தாண்டுமாவென்று காத்திருக்கும் பிள்ளைக்குப் பொறுமையைப்பற்றித் தனிப்பாடம் எதற்கு? இது சிறிய பள்ளி; ஆயிரம் பேர் பயிலும் சர்க்கார் பள்ளிக்கு இதனை அப்படியே அளவெடுத்துப் பொருத்த இயலாது. ஆனால் கூடிச் செய்யும் வேலையே கூடி வாழக் கற்பிக்கும் என்னும் தத்துவம் எல்லாப் பள்ளிக்கும் பொது.

ஆகவே, திரையை விலக்காமல், அதனை அதற்குரிய இடத்தில் வைப்பது எங்ஙனமென்று ஒரு மாதிரி கூறுவோம். வாரத்தில் ஒரு பாடவேளை, நாற்பது நிமிஷம். முதல் ஏழு நிமிஷம் திரையில் ஒரு கதை: மதிய உணவு வேளையில் ஒரு சிறுமி வந்து உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்தவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு நகர்கிறாள். அங்கே படம் நிற்கிறது, திரை அணைகிறது. அடுத்த பத்து நிமிஷம், பிள்ளைகள் இருவர் இருவராக, அதுவும் வேறு தெருவிலிருந்து வருபவரோடு இணைந்து, இவ்வாறு தமக்கு நேர்ந்ததுண்டா, தாம் பிறருக்குச் செய்ததுண்டா என்று பேசுகிறார்கள். பின்னர்ப் பதினைந்து நிமிஷம், அக்காட்சியின் முடிவைத் தாமே நடித்துக் காட்டுகிறார்கள். எஞ்சிய நேரத்தில் உபாத்தியாயர் எல்லாருக்குமாக ஒரே ஒரு காரியம் நியமிக்கிறார்: இந்த வாரம், இதுவரை பேசாத ஒருவரோடு உட்கார்ந்து உண்ண வேண்டும். மதிப்பெண் இல்லை, பதிவேடு இல்லை. அடுத்த வாரம் சொல்ல விரும்புவோர் சொல்லலாம். இதில் யந்திரத்தின் பங்கு ஏழு நிமிஷம். மனிதரின் பங்கு ஒரு வாரம்.

இங்கே நியாயமான ஆக்ஷேபமொன்று எழும். 'தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாச் சாதனமும் கிடைக்க, எங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் யந்திரம் வேண்டாமென்கிறீர்களா?' என்று தோழர்கள் கேட்பார்கள். அங்ஙனம் நாம் கூறவில்லை. 2011 முதல் பல ஆண்டுகள் தமிழ்நாட்டு சர்க்கார் மாணாக்கர்களுக்கு விலையின்றி மடிக்கணினி வழங்கினர். அது சமநீதிக்கான செயலே. ஏழைப் பிள்ளைக்கும் யந்திரம் வேண்டும். நாம் அஞ்சுவது வேறு. யந்திரத்தைக் கொடுத்துவிட்டு மனிதரைக் குறைத்துவிடும் நாள் வரலாகாது. செல்வர் பள்ளியிலே இருபது பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயரும், மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகரும் இருக்க, ஏழைப் பள்ளியிலே அவ்விருவருக்கும் பதிலாக ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னால், அதுவே புதிய தீண்டாமையாகும். யந்திரம் மலிவாகிக்கொண்டே போகிறது. மனித கவனம் அருமையாகிக்கொண்டே போகிறது. அருமையான பொருள் செல்வருக்கும், மலிவான பொருள் ஏழைக்கும் என்னும் பழைய வழக்கத்தைப் பள்ளிக்கூடத்திலும் புகவிடலாகாது.

தொண்டர்கள் செய்யத்தக்கது யாது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளில் மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அக்குழுவின் கூட்டம் நடக்கும் நாளில், பிள்ளைகளின் மனத்தைப் பண்படுத்துவதாகக் கூறிக்கொண்டு எந்த யந்திரம் அல்லது செயலி வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது பேசும் தமிழ் எங்கள் பிள்ளையின் தமிழா. இதிலுள்ள வீடும் வீதியும் எங்கள் வீடும் வீதியுமா, அன்றி எங்கோ எழுதியதன் மொழிபெயர்ப்பா? இது முதற்கேள்வி. பிள்ளை இதனிடம் சொல்லும் செய்தி யாரிடம் போய்ச் சேருகிறது, எவ்வளவு காலம் அங்கே இருக்கும்? இது இரண்டாவது. திரை அணைந்தபின் பிள்ளையோடு பேசப்போகும் மனிதர் யார், அவருக்கு அதற்கான பயிற்சியும் நேரமும் கொடுத்தீர்களா? இது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்கு விடையில்லையேல், முதலிரண்டின் விடை எதுவாயினும் அந்த யந்திரத்தால் பயனில்லை.

சர்க்காரிடமும் ஒரு வார்த்தை. பள்ளிகளுக்குத் திரைகள் வாங்க ஒதுக்கும் தொகையோடு, பள்ளிதோறும் பிள்ளைகளின் மனத்தைக் கேட்க ஒரு நல அலுவலர், உபாத்தியாயருக்கு வாரத்தில் ஒரு பாடவேளை ஓய்வு, பயிற்சிக் கல்லூரியில் இதற்கென ஒரு பாடம் ஆகியவற்றுக்கும் பொருள் ஒதுக்குவார்களாக. பிள்ளைகளின் மனத்தைக் கேட்க நேரமில்லாத உபாத்தியாயரிடம் எந்த யந்திரத்தைக் கொடுத்தாலும், அது அவருக்கு இன்னுமொரு பதிவேடாகவே முடியும்.

1950 ஏப்ரல் வரையில் ரமணாசிரமத்திலே, பல நாட்டவரும் வந்து அவர் முன்னிலையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெரும்பாலும் பேசவில்லை. கரும்பலகையும் இல்லை, கருவியும் இல்லை. வந்தவர்கள் நாடிவந்தது, தங்களை முழுமையாகக் கவனிக்கும் ஒரு மனிதரின் சந்நிதியை. அத்தகைய மகானை ஒவ்வொரு பள்ளிக்கும் நாம் கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, 'ஏனப்பா வாடியிருக்கிறாய்?' என்று கேட்க நேரமுள்ள ஓர் உபாத்தியாயரைத்தான் கேட்கிறோம். அவர் கையிலே திரை ஒரு நல்ல கருவி. அவரில்லாத இடத்திலோ, அது பேசும் பெட்டியேயன்றி வேறில்லை. பதினாறு வயதிலே தனியே அஞ்சிக் கிடக்கும் பிள்ளை இன்றும் எத்தனையோ வீடுகளில் உண்டு. அதன் பக்கத்தில் போய் உட்காரும் கடமை நம்முடையது; அதை யந்திரத்தின்மேல் சுமத்திவிட்டு நாம் நழுவிக்கொள்ள வேண்டாம்.